மஞ்சள் ரேகை பதிந்த படிவம்

லேப்டாப் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு, உங்களுக்கு முன்னால் இதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த ஒருவன் எழுதுவது.

எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்று நான் சொல்லித்தர வரவில்லை. அதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே படமாக வருகிறது. என் படிப்பு பத்தாவதும், ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக்கும்தான். ஆனாலும் கல்கத்தாவில் இருபது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்ப் பெட்டி பிரித்து, முதல் தடவை ஆன் செய்து கொடுத்திருக்கிறேன். முருகன் புண்ணியத்தில் பெரிய கெட்ட பெயர் எதுவும் எடுக்காமல் ஓய்வு பெற்றேன். எடுத்திருக்க வேண்டிய ஒரு நாள் இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் குடியிருந்தது டாலிகஞ்சில். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்வருவேன். அங்கே கொடுக்கிற குங்குமத்தையும் அட்சதையையும் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். எந்த வீட்டில் புது லேப்டாப் தொடங்கி வைத்தாலும், வேலை முடிந்ததும் நாலு அட்சதையை அதன்மேல் போட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். வங்காளிகள் வீட்டிலும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்களே நெல்லும் அருகம்புல்லும் வைத்து ஆசீர்வாதம் செய்கிறவர்கள்தானே. மெஷின் மேல் எதையும் போடக்கூடாது, வைக்கக்கூடாது என்று கம்பெனிப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். டீ, பிஸ்கட் மாதிரி விஷயங்களைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சாமி அரிசி அந்தக் கணக்கில் வராது என்பது என் எண்ணம்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை சால்ட் லேக்கில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். தமிழ்க் குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் ஹவுரா பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் என்ஜினீயர். பெயர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கதவைத் திறந்தபோதே அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஹாலில் பயணப் பெட்டி கட்டி வைத்திருந்தது. யாருமே சத்தமாகப் பேசவில்லை.

டீ கொடுத்துக்கொண்டே அக்காதான் சொன்னார்.

"ஒளிக்க என்ன இருக்கு தம்பி. ஏழு மாசமா சாரை சஸ்பெண்ட் பண்ணி வெச்சிருக்காங்க. கிரேன் கம்பி அறுந்து ஒரு ஆளுக்குக் கால் போயிட்டு. கிரேன் பழுதுன்னு இவுக எழுதிக் கொடுக்கவே இல்லன்னு சொல்லுதாங்க. இவுக மூணு தடவை எழுதிக் கொடுத்திருக்காக."

"ரிஜிஸ்டர்ல இருக்குமே அக்கா?"

"அந்த ரிஜிஸ்டரைத்தான் காணோம்ங்காங்க."

ஆபத்து வரும் என்று சாருக்கு முன்பே மனசில் பட்டிருக்கிறது. ஆபீசில் இருந்த கடைசி வாரத்தில் அந்த ரிஜிஸ்டரின் பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து எடுத்து வந்துவிட்டார். இருநூறு பக்கத்துக்கு மேல். வீட்டில் ஒரு வாடகைக் கம்ப்யூட்டரில் போட்டு, கொண்டுவந்த சி.டி.யை யார் கையிலும் சிக்கக் கூடாது என்று உடைத்துவிட்டு, எந்தப் பக்கம் எதற்குச் சாட்சி என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து குறிப்பு எழுதி வைத்திருந்தார். டெல்லியில் தலைமை அலுவலகத்தில் விசாரணை. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று; இந்த முறை போகாவிட்டால் ஆள் இல்லாமலே முடிவு எழுதிவிடுவார்கள். அன்று சாயங்காலம் ஹவுராவில் ரயில். ரயிலிலும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், விசாரணையில் திறந்து காட்ட வேண்டும் என்பதற்காக இந்த லேப்டாப். பிரிண்ட் எல்லாம் டெல்லியில் வக்கீல் ஆபீசில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்.

பெட்டி பிரித்தேன். ஆன் செய்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் போட்டு ஃபைல்களை மாற்றினேன். இதற்குள் வாடகைக் கம்ப்யூட்டர்க்காரர் வந்து வாசலில் நின்றுவிட்டார். அன்றைக்குத் திருப்பித் தருவதாகப் பேச்சு. கீழே ரிக்‌ஷா நிற்கிறது, "ஆர் கதோக்கோன், தாதா?" என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கிறார். இன்னும் எவ்வளவு நேரம், அண்ணா என்று அர்த்தம்.

சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதுல ஒரு பக்கம்கூட மிச்சம் இருக்கக் கூடாது தம்பி. யார் கைக்குப் போகும்னு தெரியாது. யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிச்சிருங்க."

லேப்டாப்பில் இரண்டு பக்கத்தைத் திறந்து பார்த்தேன், வந்தது. பழையதைச் சுத்தமாக அழித்துக் கொடுத்துவிட்டேன். வாடகைக்காரர் தூக்கிக்கொண்டு போனார்.

இங்கே ஒரு தப்பு செய்திருக்கிறேன், பிள்ளைகளே. புது மெஷினை ஒரு தரம் முழுக்க அணைத்து, மூடி, மறுபடி திறந்து, அது எழுந்து வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். எனக்கும் அது தெரியும். வாசலில் ஒருவர் முணுமுணுத்தார் என்பதற்காக அதை விட்டேன். அந்த முணுமுணுப்பு கேட்டு நான் மிச்சம் பிடித்தது ஐந்தே நிமிஷம்.

அக்கா விளக்கேற்றி வந்தார். நான் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்தேன். அக்காவுக்குக் கொஞ்சம், சாருக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம். மூன்று பேருமாகத் திறந்திருந்த லேப்டாப் மேல் அட்சதை போட்டோம். "வள்ளி மணாளா, இவரைக் காப்பாத்து" என்று நான் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரிசியை ஒரு துணியால் தட்டிவிட்டு மூடியை மூடினேன்.

பையில் வைக்கப் போகும்போது சார் சொன்னார்: "மார்ச் மாசப் பக்கத்தை ஒரு தரம் பார்த்துக்கிடுதேனே."

மூடியைத் திறந்தேன். திரை இருட்டு.

பொத்தானை அமுக்கினேன். விசிறி ஒரு மூச்சு ஓடியது, விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டியது, அடங்கிவிட்டது. மறுபடி அமுக்கினேன். அதேதான். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கரண்டில் நேராகப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே ஒரு மூச்சு, அதே கண் சிமிட்டல், அதே இருட்டு.

"என்ன தம்பி, முகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. புது மெஷின், கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்றேன். முதல் பொய்.

சார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்குள் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். மணி ஒன்று ஆகிவிட்டது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு மாஷிமாவிடம் கொண்டுபோய் வைத்துவிட்டார். பெட்டி நல்ல நேரத்தில் வாசல் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. நம் பக்கத்தில் பரஸ்தானம் என்பார்களே, அது. கீழே அந்த வங்காளி அம்மாள், "ஆளை விட்டுட்டுப் பெட்டி மட்டும் டெல்லிக்குப் போகுதா?" என்று கேட்டது மாடிவரை கேட்டது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

அந்த வீட்டுப் போனிலிருந்து எங்கள் சர்வீஸ் சென்டருக்குப் பேசினேன். எடுத்தது கால் டெஸ்க்கில் இருந்த பெண். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் சின்னவள். அந்த ஊர் வழக்கப்படி நான் அவளைத் தீதி, அதாவது அக்கா, என்பேன்; அவள் என்னைத் தாதா என்பாள். இந்தத் தொழிலில் எனக்குக் குரு யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். ஸ்க்ரூடிரைவர் பிடித்தே அவளை நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

"கடைசியா எப்ப சரியா ஓடிச்சு, தாதா?"

"பத்து நிமிஷம் முன்னாடி."

"அந்தப் பத்து நிமிஷத்துல என்ன நடந்தது? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"ஒண்ணும் நடக்கல. மூடினேன், திறந்தேன்."

"எதாவது மேல விழுந்ததா, கொட்டிச்சா?"

சட்டைப் பையில் அந்தக் காகிதம் இருக்கிறது. நான் என்ன நினைத்தேன் என்று உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். என் வேலை ஒப்பந்த வேலை, வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிப்பார்கள். அதோடு, ஆபீசில் இங்கிலீஷ் பேசுகிற பையன்கள் நடுவில் பத்தாவது படித்த நான் ஏற்கெனவே கொஞ்சம் தலை குனிந்துதான் உட்காருவேன். கம்ப்யூட்டர் மேல் அரிசி போட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாலு அரிசி ஒரு மெஷினை என்ன செய்துவிடும்? அதுவும் முருகன் சந்நிதி அரிசி?

"இல்ல தீதி. ஒண்ணும் விழல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப போர்டு போயிருக்கும். டி.ஓ.ஏ. எழுதிக் கொண்டு வந்துடுங்க. ஒரு வாரத்துல வேற வரும்."

வந்த அன்றே செத்துப்போன புது மெஷினுக்கு எழுதுகிற படிவம் அது. மெஷினை அப்படியே கம்பெனி எடுத்துக்கொள்ளும், வேறு புதுசு தரும். உள்ளே இருக்கிறதற்குப் பொறுப்பில்லை, திருப்பியும் தரமாட்டார்கள் என்று கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வரியை வாடிக்கையாளர்கள் யாரும் படிப்பதில்லை.

படிவத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினேன். உங்களுக்குப் புரிகிறதா, அந்த நேரத்தில் அந்தப் படிவம் எனக்கு எவ்வளவு பெரிய அடைக்கலம் என்று? குற்றம் தொழிற்சாலைமேல் போய்விடும். பழையதை அவசரப்பட்டு அழித்தது யாருக்கும் தெரியாது, அழிக்கச் சொன்னதே அவர்தான். மெஷின்மேல் ஏதாவது விழுந்ததா என்று கேட்கிற கட்டத்தில் 'இல்லை' என்று இங்கிலீஷில் எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

சார் பக்கம் நகர்த்தி, பேனாவைக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தைப் படித்தார். முழுக்கப் படித்தார். எழுதிக் கொடுத்த தாளைக் காணோம் என்று சொல்லப்பட்ட மனுஷன் இல்லையா, தாளைப் படிக்காமல் விடுவாரா?

"தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா உள்ள இருக்கது போயிருமில்லா?"

நான் தாளை நேராக்கி வைத்தேன்.

"வேற வழி இல்லேன்னு நீங்க சொன்னா போடுதேன். எனக்கு மெஷினைப் பத்தித் தெரியாது. உங்களைத்தான் நம்பணும்."

பேனா மூடியைக் கழற்றிவிட்டார். எங்கே கையெழுத்து என்று கேட்டார். இடத்தைக் காட்ட விரலை நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். நான் 'இல்லை' என்று எழுதிய கட்டத்தின்மேல் ஒரு மஞ்சள் கறை. கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு கோடாகத் தெரிகிறது. அட்சதை அள்ளிய என் விரல். நான் இல்லை என்று எழுதியதற்கு நேர் மேலேயே, ஆமாம் என்று என் கையே முத்திரை வைத்திருக்கிறது.

சார் பேனாவை வைக்கப் போன தாளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"சார், போடாதீங்க. நான் ஆபீஸ்ல பொய் சொல்லிட்டேன்."

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நேரே போனுக்குப் போனேன்.

"தீதி, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அரிசி போட்டேன்."

"எங்க?"

"மெஷின் மேல. சாமி அரிசி. மஞ்சளும் நெய்யும் கலந்தது."

சிரிப்பை அடக்குகிற குரலில், "எவ்வளவு தாதா? ஒரு பிளேட் பிரியாணிக்கு வருமா?" என்றாள். அடுத்த நொடியே குரல் மாறிவிட்டது. "மூடி திறந்திருக்கும்போது போட்டீங்களா? கீல் பக்கத்துல நகக்கண் அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கும். மூடியை மூடினா அமுங்கும், திறந்தா எழும்பணும். தொட்டுப் பாருங்க, எழும்பியிருக்கா?"

போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். பொத்தான் குழிக்குள்ளேயே கிடந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு துளி.

"எழும்பல, தீதி."

"அப்ப அது சாகல, தாதா. மூடி இன்னும் மூடியிருக்குன்னு நினைச்சுத் தூங்குது. பேட்டரியைக் கழற்றிட்டு, அந்த அரிசியை எடுங்க. பொத்தானை உடைச்சுட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க."

என் பையில் இருந்த இடுக்கியின் முனை அந்தக் குழிக்குள் போகவில்லை. அக்கா தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, விரித்து என் கையில் வைத்தார். சார் மேசை விளக்கைக் கொண்டுவந்து பிடித்தார். நான் அன்றைக்குச் சொன்ன மாதிரி சஷ்டி கவசத்தை எந்தக் கோயிலிலும் சொன்னதில்லை. மூடியை மூடியபோது அரிசி நசுங்கி, நெய்யோடு சேர்ந்து பசை மாதிரி பிடித்திருந்தது. பாதி வந்தது. மீதி வர மூன்று தடவை மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பொத்தான் எழும்பிவிட்டது.

பேட்டரியை மாட்டி ஆன் செய்தேன். திரை வெளுத்தது.

மார்ச் மாசப் பக்கத்தைச் சாரே திறந்தார். நீல மையில் அவர் கையெழுத்து, கிரேன் கம்பி இழை பிரிந்திருக்கிறது, நிறுத்த வேண்டும் என்று. அதை அவர் படிக்கவில்லை. திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை மூன்று தடவை மூடித் திறக்கச் சொன்னார். செய்தேன். அக்கா சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். சத்தம் கேட்கக் கூடாது என்று.

மணி இரண்டு. நடு ராகு காலம். "பெட்டிதான் நல்ல நேரத்துல போயாச்சே, கெளம்புங்க" என்றார் அக்கா. டாக்சி பிடித்து நானும் ஹவுரா வரை போனேன். வழி முழுக்க லேப்டாப் என் மடியில்தான். சார் பாலத்தில் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் எழுதிக் கொடுத்தேன்னு சொன்னா யாரும் நம்பல, தம்பி. நீங்க பொய் சொன்னேன்னு சொன்னீங்க பாருங்க, அதை உடனே நம்பிட்டேன்." திட்டினாரா, பாராட்டினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியபோது தீதி கேட்டாள், "ரிப்போர்ட்ல காரணம் என்னன்னு போடட்டும்?"

"உள்ளதைப் போடுங்க."

போட்டாள். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார். சிரிப்பு அடங்கக் கால் மணி ஆயிற்று. அரிசிக்கு வங்காளியில் சால், தாதாவின் சுருக்கம் தா. அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை எனக்கு அந்த ஆபீசில் 'சால்-தா' என்றுதான் பெயர். வேலை போகவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அந்த மாசமே இங்கிலீஷ் பேசுகிற பையன்களில் ஒருவன் என்னிடம் தனியாக வந்து, "சால்-தா, ஒரு கஸ்டமர் கீபோர்டுல நான் டீயைக் கொட்டிட்டேன், எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். போன் இருந்த இடத்தைக் காட்டினேன்.

அட்சதையை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிரிக்காத அட்டைப்பெட்டியின் மேல் போட்டுக் கும்பிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன். சாமிக்கு அட்டைப்பெட்டி வழியாகவும் கேட்கிறது.

அது நடந்து மூன்று மாசம் இருக்கும். ஆபீசுக்கு ஒரு போன். "சால்-தா, உங்களுக்குத்தான், தமிழ்ல பேசறாங்க" என்று தீதி நீட்டினாள்.

"தம்பி, சார் இன்னைக்கு டூட்டில சேர்ந்துட்டாக" என்றது அக்காவின் குரல். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "ஆமா, என் ஊக்கு எங்க?"

கையெழுத்து விழாத அந்தப் படிவம் எங்கள் பூஜை அறையில், வேல் படத்துக்குக் கீழே ஒரு உறையில் இருக்கிறது. மஞ்சள் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, ரேகை அழியவில்லை. மூலையில் அதைக் குத்தி வைத்திருப்பது அந்த ஊக்குதான். அக்காவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.